கடல் மூலைக் கல்லுக்கு அடியில் ஒரு செம்பு

பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். சாந்து எப்படிக் குழைப்பது, கல்லை எப்படித் தூக்குவது என்று என்னிடம் கேட்காதீர்கள். அதையெல்லாம் சூப்பர்வைசர் குணா என்னைவிட நன்றாகச் சொல்லித்தருவான். கூடவே நாலு திட்டும் தருவான், வாங்கிக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கு மிச்சம் இருப்பது வாய் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு என் கடைசி வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் நம் ஆபீசுக்கு நான் வரும்போதெல்லாம் உங்களில் யாராவது ஒருவர், "அக்கா, அந்தத் தீவுக் கோட்டைய யாரு கட்டுனாங்க?" என்று கேட்கிறீர்கள். இனி யாராவது அப்படிக் கேட்டால், "எந்தக் கல்லை?" என்று திருப்பிக் கேளுங்கள். ஏன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

தீவின் பெயரைச் சொல்லமாட்டேன். ஏற்கெனவே மாலையோடு வந்தவர்கள் போதும். போர்ட் கிள்ளானிலிருந்து படகில் போகவேண்டும். ஒரு பள்ளிக்கூடத் திடல் அளவுதான் இருக்கும். முழுக்கப் பாறை. அதன் மேல் செம்புரைக்கல்லில் கட்டிய கோட்டை. முதலில் அந்தக் கரையை ஆண்ட ஒரு மலாய்த் தலைவர், ஆற்று வழியாக வெள்ளீயம் ஏற்றி வரும் படகுகளிடம் வரி வாங்குவதற்காகச் சுவர் எழுப்பினார். பிறகு ஒல்லாந்துக்காரர்கள் வந்து, பீரங்கி வைப்பதற்காக அதையே உயர்த்தினார்கள். கரையில் வெட்டிய கல்லைப் படகில் கொண்டுவந்து, நீர் வற்றும் நேரத்தில் அடிவரிசையை வைத்துவிட்டு, நீர் ஏறும் முன்பு ஓடி மேலே ஏறியிருப்பார்கள். அடிவரிசைக் கற்களுக்கு நடுவே சாந்தே கிடையாது. அலை இடுக்குகளுக்குள் புகுந்து வேகம் குறைந்து திரும்பிப் போகட்டும் என்று அப்படியே விட்டிருக்கிறார்கள். அதற்கு மேலே எல்லாம் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்புச் சாந்து. நகத்தால் கீறினால் வெள்ளையாக உதிரும், உள்ளே கிளிஞ்சல் துண்டுகூடத் தெரியும். மூன்றாவதாக வந்த ஆங்கிலேயர்கள் கோட்டை மேல் ஒரு விளக்கை வைத்தார்கள். அவர்களும் போன பிறகு கொஞ்ச காலம் விளக்கு எரிந்தது, அப்புறம் அதுவும் இல்லை.

கோட்டையை மக்கள் பார்வைக்கு விடும் திறப்பு விழாவுக்கு முன்பு இதையெல்லாம் நேராக்கித் தரவேண்டும் என்பதுதான் எங்கள் வேலை. திறந்த கடலைப் பார்த்திருக்கும் மூலையை நாங்கள் கடல் மூலை என்று அழைத்தோம். அங்கே ஒரு பெரிய கல் லேசாகச் சரிந்திருந்தது. அதைத் தூக்கி நேராக வைக்கச் சொல்லிவிட்டு, கோட்டைக்குள் இருக்கும் பழைய கிணற்றடியில் ரொட்டி தின்றுகொண்டிருந்தேன்.

"அக்கா! சீக்கிரம் வாங்க லா! கல்லுக்கு அடியில ஏதோ இருக்கு!"

குணாவின் குரல். குணா கத்துகிற ஆள் இல்லை. விரல் நசுங்கியபோதுகூட, "கொஞ்சம் பட்டுருச்சு" என்றுதான் சொன்னவன். ஓடினேன்.

சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்த கல்லுக்குக் கீழே ஒரு குழி. குழியில் ஒரு செம்பு. பச்சைக் களிம்பு ஏறி, பாதி வரை புதைந்து, உட்கார்ந்திருந்தது. உள்ளே கறுத்துப்போன தானியம், மஞ்சளோ என்னவோ ஒரு கட்டி. நம்மில் வீடு கட்டியவர்கள் வீட்டில் பிறந்த யாருக்கும் அது என்ன என்று சொல்லவேண்டியதில்லை. மூலைக்கல் வைக்கும்போது போடும் பூசை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மறைப்பானேன், கண்ணும் கலங்கியது.

"அக்கா, நம்ம ஆளுங்கக்கா" என்றான் குணா. "நம்ம ஆளுங்கதான் கட்டியிருக்காங்க."

நான் குழிக்குள் கையை விட்டு, செம்பைச் சுற்றிக் கல்லுக்கு அடியில் பரப்பியிருந்த சாந்துப் படுகையை நகத்தால் கீறினேன். நகம்தான் உடைந்தது. சாம்பல் நிறம், இரும்பு மாதிரி கெட்டி.

"இது என்னடா?"

அவனும் கீறிப் பார்த்தான். முகம் விழுந்துவிட்டது. "சிமெண்ட்."

"ஒல்லாந்துக்காரன்கிட்ட சிமெண்ட் மூட்டை இருந்துச்சா?"

"இல்லக்கா."

"அப்ப இது பின்னாடி வந்தவங்க பழுது பாத்தது. யாருன்னு அப்புறம் பாக்கலாம். அதுவரைக்கும் வாயத் திறக்காத."

அவன் தலையைச் சொறிந்தான். "அக்கா... படத்த வீட்டு குரூப்ல போட்டுட்டேன்."

"என்னன்னு போட்ட?"

"சோழர் காலத்துச் செம்பு கிடைச்சிருச்சுன்னு. ஆனா கேள்விக்குறி போட்டிருக்கேன்க்கா."

"அந்தக் கேள்விக்குறி உன் வீட்டு வாசலத் தாண்டாதுடா மடையா!"

தாண்டவில்லை. சாயங்காலம் எங்கள் படகு ஜெட்டியைத் தொட்டபோது அங்கே ஒரு கூட்டம். யாரோ குணாவின் கழுத்தில் மாலையைப் போட்டார்கள். ஓர் அங்கிள் ஜெட்டிப் படியிலேயே தேங்காய் உடைத்தார். குணா மாலையோடு திருதிருவென்று விழித்தான். அவன் மாமியார் மட்டும் பெருமையாகப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். இரவுக்குள் அந்தச் செம்பு சுங்கை பூலோ, சுங்கை வே, கம்போங் மேடான் என்று ஊர் ஊராக எல்லார் கைப்பேசியிலும் ஆயிரம் வருடப் பழமையோடு உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் கிள்ளானிலிருந்து ஒரு சங்கத்தின் தலைவர் ஆபீசுக்கு வந்தார். கெட்டவர் இல்லை. பிள்ளைகள் படிப்புக்கு அலைந்து திரிந்து உதவுகிறவர்தான். கோட்டை வாசலில் வைக்கப்போகும் விளக்கப் பலகையில் என்ன எழுதுவது என்பது என் பொறுப்பு என்று தெரிந்துகொண்டு வந்திருந்தார்.

"அம்மா, தமிழர் கட்டியதுன்னு ஒரு வரி போடுங்க. போதும்."

"சிமெண்ட்ல உக்காந்திருக்குங்க."

"இருக்கட்டும். அத ரெண்டு மாசம் கழிச்சுச் சொல்லுங்களேன். திறப்பு விழா முடியட்டும். நம்ம ஆளுங்களுக்கு இந்த நாட்ல ஒரு பெரும வேணுமா, வேணாமா?"

என் அப்பாவும் சித்தப்பாவும் சாலை போட்டவர்கள். பள்ளியில் படிக்கும்போது, உங்கள் ஆட்கள் இந்த நாட்டுக்கு என்ன செய்தார்கள் என்று ஒரு பெண் கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் அழுதிருக்கிறேன். அந்த வரியைப் போட எனக்கு ஆசை இல்லை என்றா நினைக்கிறீர்கள்? இருந்தும், முடியாது என்றேன். இன்னொருவன் வந்து நகத்தால் கீறிப் பார்த்தால் நம் மானம் சந்தி சிரிக்கும் என்றேன். அவர் கொண்டுவந்த வடைப் பொட்டலத்தை வைத்துவிட்டு எழுந்து போனார்.

சரி, உண்மையைச் சொல்லிவிட்டோம், நிம்மதி என்று நினைத்தேன். அதுதான் இல்லை. வேலையை மேற்பார்வை பார்த்த மலாய்க்கார அதிகாரி, நாங்கள் புவான் என்று அழைக்கும் அம்மாள், மறுநாள் தீவுக்கு வந்து பார்த்தார். கறாரானவர், நியாயமானவர். சிமெண்ட் என்றதும் அவருக்கு எல்லாம் சுலபமாகிவிட்டது. பின்னாளில் பூசிய சிமெண்ட் அத்தனையையும் வெட்டி எடுக்கவேண்டும் என்பதுதான் எங்கள் ஒப்பந்தம். இந்த மூலையும் அப்படித்தான். வெட்டுங்கள், கல்லை மாற்றுங்கள், செம்பைப் படம் எடுத்துவிட்டு அப்புறப்படுத்துங்கள் என்றார்.

என் நிலைமையைப் பாருங்கள். பொய் சொன்னால் செம்பு கண்ணாடிப் பெட்டிக்குப் போகும். உண்மை சொன்னால் குப்பைக்குப் போகும். ஒரு வாரம் டைம் கேட்டேன். எதற்கு என்று எனக்கே தெரியாது.

அந்த வாரத்தில்தான் சரோஜா வந்தார். கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடத்தில் கேண்டீன் நடத்துகிறவர், என் வயதுதான் இருக்கும். நாற்காலியில் உட்காரவில்லை. கைப்பேசியில் இருந்த அந்தப் படத்தை என் மூக்கு வரை நீட்டினார்.

"அக்கா, இது சோழன் செம்பு இல்ல. எங்க வீட்டுச் செம்பு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

சரோஜாவின் அப்பா வேலாயுதம், பொதுப்பணித் துறையில் கூலி. விளக்கு எரிந்துகொண்டிருந்த காலத்தில் அவரும் சிலரும் இந்தத் தீவின் சுவரைப் பழுதுபார்க்கப் போனார்கள். அந்த மூலையை எழுப்ப எழுப்ப அலை வந்து தள்ளிவிட்டது. ஒருவருக்குக் கால் போயிற்று. பூசை போடாமல் இனி கல்லைத் தொடமாட்டோம் என்று மற்றவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். படகில் சிமெண்ட் வந்ததே தவிர, பூசைச் சாமான் யார் அனுப்புவார்கள்? வேலாயுதம் லீவில் வீட்டுக்கு வந்தபோது, மனைவிக்குக் கல்யாணச் சீராக வந்த செம்பைத் தூக்கிக்கொண்டு போனார். கல்லுக்கு அடியில் வைத்தார். மூலை நின்றது.

"வீட்டுக்கு வந்து சொன்னாரு. அம்மா நம்பல" என்றார் சரோஜா. "கோட்டைக்கு அடியில வச்சியா, எந்தக் கோட்ட, கள்ளுக்கடக் கோட்டயான்னு கேட்டுச்சு. அம்மாவக் குத்தம் சொல்ல முடியாதுக்கா. அப்பா குடிப்பாரு. அண்டா போச்சு, குத்துவிளக்கு போச்சு, எல்லாம் கள்ளுக்கடைக்குத்தான் போச்சு. செம்பு மட்டும் கோட்டைக்குப் போச்சுன்னா யாரு நம்புவா? நானே நம்பல. சாகறப்ப என் கையப் பிடிச்சுக்கிட்டு, அத மட்டும் நான் குடிக்கல புள்ளன்னு சொன்னாரு. அப்பவும் நான் சரிப்பா, சரிப்பான்னு சும்மா தலையாட்டுனேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"அம்மா இன்னும் இருக்கு. எண்பதத் தாண்டிருச்சு. இப்பவும் வாரத்துக்கு ஒரு தடவ அந்தச் செம்பச் சொல்லித் திட்டும். அது போறதுக்குள்ள அப்பா பொய் சொல்லலன்னு காட்டணும்க்கா. சோழன் செம்புன்னு போர்டு வச்சுட்டீங்கன்னா எங்கப்பா கடைசி வரைக்கும் குடிகாரப் பொய்யன்தான்."

"இதுதான் உங்க செம்புன்னு எப்படிச் சொல்றீங்க?"

"கழுத்துக்குக் கீழ அம்மா பேரு வெட்டியிருக்கும். பாக்கியம்னு. புள்ளி புள்ளியா."

நம் வீடுகளில் சீர்ப் பாத்திரம் எதில்தான் பெயர் வெட்டாமல் விடுவார்கள்? களிம்பு மூடியிருந்ததால் நாங்கள் பார்க்கவில்லை. கிடைத்த பொருளைத் தேய்க்கக்கூடாது என்பது தொழில் விதி. நீங்களும் தேய்க்கக்கூடாது, சொல்லிவிட்டேன்.

"புளியப் போட்டுத் தேச்சா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிரும்க்கா."

"புளியோட என் தீவுப் பக்கம் வந்தீங்கன்னா கடல்ல தள்ளி விட்ருவேன்" என்றேன்.

முதல் முறையாகச் சிரித்தார்.

அவரை அனுப்பிவிட்டு, பஞ்சும் மெல்லிய குச்சியுமாகத் தீவுக்குப் போய் உட்கார்ந்தேன். கழுத்துக்குக் கீழே விரல் அகலத்துக்கு மட்டும் களிம்பை எடுத்தேன். குணா என் தோளுக்கு மேல் மூச்சுவிட்டுக்கொண்டு நின்றான். புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்தன. பாக்கியம். குணா தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"சோழன் போயிட்டான்க்கா" என்றான். பிறகு, "இது அத விட நல்லா இருக்கு லா" என்றான்.

நல்லாத்தான் இருந்தது. ஆனால் புவானிடம் என்ன சொல்வது? கதை சொல்லி அழுதால் அவர் கேட்பார், கேட்டுவிட்டு வெட்டச் சொல்வார். இந்த இடத்தைக் கவனியுங்கள், பிள்ளைகளே. மனசு உருகும்போதுதான் கணக்கைச் சரியாகப் பார்க்கவேண்டும். சிமெண்ட் அந்தச் சுவருக்குக் கெடுதல் என்பது உண்மை. அது ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும், பக்கத்தில் இருக்கும் செம்புரைக்கல் ஊறி ஊறிக் கரையும். இரண்டு பக்கமும் கரைந்தும் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை.

நீர் ஏறும் நேரமாகப் பார்த்துப் புவானைக் கடல் மூலைக்குக் கூட்டிப்போனேன். அலை அடிப்பதைக் காட்டினேன். பழைய கல்லைத் தொடுகிற இடங்களில் சிமெண்டை வெட்டிச் சுண்ணாம்பு வைத்துவிடலாம், கல்லுக்கு அடியில் இருக்கும் படுகையை விட்டுவிடலாம், அது யாரையும் கெடுக்கவில்லை என்றேன். "மலாய்த் தலைவர் கட்டியதன் மேல் ஒல்லாந்துக்காரர் கட்டினார். அதை நாம் வெட்டவில்லை, வரலாறு என்கிறோம். இந்த மூலை விழுந்திருந்தால் இரண்டும் கடலில் கிடக்கும். தாங்கிப் பிடித்தவன் கூலிக்காரன் என்பதால் மட்டும் அவன் வேலை குப்பையா?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அதிகாரியிடம் அப்படிப் பேசக்கூடாது. எனக்குக் கோபம் வந்தால் மலாய் மிக நன்றாக வரும்.

புவான் குனிந்து கல்லின் இடுக்கைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு, படுகையை விட்டால் சுவருக்கு நான் பொறுப்பேற்பேனா என்று கேட்டார். ஏற்பேன் என்றேன். எழுதிக் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். செம்பு மட்டும் சேமிப்பு அறைக்குப் போகட்டும் என்று முடிவாயிற்று. அதற்கு முன்பு ஒருவர் வந்து பார்க்கவேண்டும் என்று கேட்டதற்குத் தலையாட்டினார்.

பாக்கியம் அம்மாளைக் கடல் அமைதியாக இருந்த ஒரு காலையில் கூட்டிவந்தோம். படகிலிருந்து குணா அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து மூலையில் வைத்தான். ஒல்லியான அம்மாள், நாக்கு மட்டும் நல்ல கனம். "மெதுவாடா, நான் என்ன சிமெண்ட் மூட்டயா?" என்று அவனை வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். எதற்கு வந்திருக்கிறோம் என்று சரோஜா சொல்லியிருந்தும் அவர் நம்பியதாகத் தெரியவில்லை. புவானும் வந்து தள்ளி நின்றார்.

செம்பை அவர் மடியில் வைத்தேன். கண் சரியாகத் தெரியாது. கட்டைவிரலால் கழுத்துக்குக் கீழே தடவினார். விரல் புள்ளிகள் மேல் போனது, நின்றது, திரும்பவும் முதலிலிருந்து போனது. சரோஜா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இதுதான்" என்றார் பாக்கியம் அம்மாள்.

அவர் செம்பைக் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு குழியைப் பார்த்தார். குனிந்து உள்ளே இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"இன்னொன்னு எங்க?"

"என்னம்மா இன்னொன்னு?" என்றார் சரோஜா.

"சோடிச் செம்புடி. சீர்ல ஒத்தச் செம்பா குடுப்பாங்க? ரெண்டும் ஒன்னாத்தான் காணாமப் போச்சு."

குழியை நாங்கள் முழுதாகத் துழாவியிருந்தோம். வேறு எதுவும் இல்லை என்றேன்.

"அப்ப அதக் குடிச்சிருக்கான்" என்றார் அந்த அம்மாள்.

முதலில் சிரித்தது குணா. பிறகு சரோஜா, பிறகு நான். புவானுக்கு மலாயில் சொன்னதும் அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். பாக்கியம் அம்மாளும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், நடுவில் நிறுத்திவிட்டார்.

"இத்தன வருசமும் ரெண்டுக்கும் சேத்துல்ல திட்டிட்டேன்."

செம்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதார். நாங்கள் யாரும் சமாதானம் சொல்லப் போகவில்லை.

சரோஜா அவர் பக்கத்தில் குனிந்து, "அம்மா, வீட்டுக்குக் கொண்டு போகக் கேட்டுப் பாக்கவா?" என்றார்.

"எதுக்கு? எடுத்துட்டுப் போயி நாளைக்கு இந்தச் சுவரு விழுந்துச்சுன்னா, பாக்கியத்தாலதான் விழுந்துச்சுன்னு சொல்லவா? எடுத்த எடத்துலயே வைங்க."

நான் புவானைப் பார்த்தேன். சேமிப்பு அறை என்று பேசி முடித்த விஷயம். இந்தப் பூசையில் ஒரு முறை வைத்ததைத் திரும்ப எடுக்கும் வழக்கம் உண்டா என்று அவர் என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் நாம் எடுத்ததே தவறு, வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் படகுப் பக்கம் நடந்தார்.

செம்பைச் சுற்றி இந்த முறை கிளிஞ்சல் சுண்ணாம்பு வைத்தோம். பாக்கியம் அம்மாள் தன் கையால் ஒரு பிடி அரிசி போட்டார். குணா சங்கிலியை மெல்ல விட்டுக் கல்லை இறக்கினான். கோட்டை வாசல் பலகையில் மலாய்த் தலைவரும் இருக்கிறார், ஒல்லாந்துக்காரரும் இருக்கிறார். கடைசி வரியில், கடல் மூலையை மீண்டும் எழுப்பியவர்கள் கிள்ளான் பொதுப்பணித் தொழிலாளர்கள் என்று இருக்கிறது. சங்கத் தலைவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. குணா அந்தப் பலகையைப் படம் எடுத்து அதே குரூப்பில் போட்டான். அவன் மாமியார் ஒரு கைகூப்பிய பொம்மை போட்டார், அவ்வளவுதான். சோழன் செம்பு மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன வாரம் எனக்கே வந்தது.

அன்றைக்குக் கிளம்பும்போது குணா நாற்காலியைத் தூக்கப்போனான். பாக்கியம் அம்மாள் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். எட்டி அந்தக் கல்லை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் வச்சிருக்காரு" என்றார். பிறகு, "சரி, வீட்டுக்குப் போலாம்" என்றார்.